மண்டபம் கடற்கரைக்கு மாணவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியருக்கு

கடல்வாழ் உயிர்களை மாணவர்களுக்கு நேரில் காட்ட விரும்பும் பள்ளிகளுக்குத் தமிழ்நாட்டில் இராமநாதபுரம் மாவட்டத்தின் மண்டபம், பாம்பன் பகுதியைவிடப் பொருத்தமான இடம் அரிது. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா என இரண்டு கடல்களுக்கு நடுவே, நடந்தே கடந்துவிடக்கூடிய ஒடுங்கிய நிலம் அது. உள்ளூர் மக்கள் அவற்றை வடகடல், தென்கடல் என்பார்கள். இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த கடலையும் 1986-இல் தேசியப் பூங்காவாகவும், 1989-இல் அதைவிடப் பெரிய பரப்பை உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவித்தார்கள். 3,600-க்கும் மேற்பட்ட உயிரினங்கள் பதிவாகியுள்ள கடல் இது.

ஆனால் அங்கே செல்லும் பள்ளிப் பேருந்துகளில் பெரும்பாலானவை கோயில், தனுஷ்கோடி, பேக்கரும்பில் உள்ள கலாம் நினைவிடம், பாம்பன் பாலம் ஆகியவற்றைச் சுற்றிவிட்டு, கடைசியில் மிஞ்சிய அரைமணி நேரத்தைக் கடலுக்கு ஒதுக்குகின்றன. அது சுற்றுலா, அதில் குற்றம் ஒன்றும் இல்லை. கடலைப் படிக்க வைப்பதுதான் நோக்கம் என்றால், ஒரே கரைத்துண்டில் குறைந்தது மூன்று மணி நேரம் நிற்கும்படி திட்டமிட வேண்டும். கீழே சொல்லப்படுபவை எல்லாம் அந்த மூன்று மணி நேரத்தை மையமாக வைத்தவை. எட்டாம் வகுப்பு முதல் பதினொன்றாம் வகுப்பு வரை நாற்பது மாணவர்களுக்கு மிகாத குழுவை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது.

நாளும் நேரமும்

முதலில் பார்க்க வேண்டியது காற்று. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகடல் கொந்தளிக்கும். தென்மேற்குக் காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்கடல் கொந்தளிக்கும். இரண்டும் அடங்கியிருக்கும் காலம் ஜனவரி கடைசி முதல் மார்ச் வரை. மார்ச்சில் பொதுத்தேர்வு வந்துவிடுவதால் பள்ளிகளுக்கு நடைமுறையில் கிடைப்பது தை, மாசி மாதங்களின் சில வாரங்களே. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் என்பதால், மீன் இறங்குதளத்தையும் காட்ட எண்ணுபவர்கள் கோடை விடுமுறையைத் தவிர்ப்பது நல்லது.

அடுத்தது ஓதம், அதாவது கடல்நீர் ஏறி வற்றுவது. நாளொன்றுக்கு இரண்டு ஏற்றமும் இரண்டு வற்றமும் வரும். அவற்றின் நேரம் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் மிகும், வற்றமும் மிகும். கரையில் உயிர்களைக் காண்பதற்கு உகந்தது அந்த மிகை வற்றம்தான். குஜராத்தின் கட்ச் வளைகுடாவில் நீர் பல மீட்டர் இறங்குவதால் பவளப்பாறைகளின் மேலேயே நடந்து பார்க்க முடிகிறது. மண்டபத்திலோ ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையிலான வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவு. வெளிப்படும் பட்டை குறுகலானது, வெளிப்பட்டிருக்கும் நேரமும் குறைவு. ஆகையால் பேருந்து நேரத்துக்கு ஏற்பக் கடலைப் பார்ப்பதைவிட, வற்றத்தின் நேரத்தைக் குறித்துக்கொண்டு அதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே கரையில் இறங்கும்படி பேருந்தை ஏற்பாடு செய்ய வேண்டும். ஓத அட்டவணை இணையத்தில் கிடைக்கும். அதை மண்டபம் மீனவர் ஒருவரிடம் தொலைபேசியில் சரிபார்த்துக்கொள்வது இன்னும் உறுதியானது, ஏனெனில் காற்றின் திசையைப் பொறுத்து நீர் கரையிலேயே தங்கிவிடும் நாட்களும் உண்டு.

தை அமாவாசையை ஒட்டிய ஓதம் நன்றாக இருக்கும். ஆனால் அன்று தீர்த்தமாட வரும் கூட்டத்தால் இராமேசுவரம் சாலை முழுவதும் நிரம்பிவிடும். இரண்டு நாள் கழித்துச் சென்றால் ஓதம் ஏறத்தாழ அதே அளவில் இருக்கும், வழியும் கிடைக்கும்.

அனுமதிகள்

தலைமையாசிரியர், கல்வித்துறை, பெற்றோர் ஆகியோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் எல்லாச் சுற்றுலாவுக்கும் உரியதே என்பதால் அதை விரித்துச் சொல்லவில்லை. பெற்றோர் கடிதத்தில் மட்டும் ஒரு வரி கூடுதலாகச் சேர்க்க வேண்டும்: மாணவர்கள் முழங்கால் ஆழத்திற்கு மேல் கடலில் இறங்க அனுமதிக்கப்பட மாட்டார்கள் என்பது அதில் தெளிவாக இருக்கட்டும். ஆஸ்துமா, வலிப்பு, பூச்சிக்கடி ஒவ்வாமை உள்ள மாணவர்களின் விவரத்தையும் அதே கடிதத்தில் கேட்டு வாங்கிவிடலாம்.

தீவுகளில் தன்விருப்பப்படி இறங்க முடியாது. அவை தேசியப் பூங்காவுக்கு உட்பட்டவை. இராமநாதபுரத்தில் உள்ள வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்தின் அனுமதி தேவை. வனத்துறையின் ஏற்பாட்டில் நடக்கும் படகுச் சவாரிகள் உண்டு. அவை காற்றையும் அலையையும் பொறுத்து நிறுத்தப்படும் என்பதால், முழுப் பயணத்தையும் அதை நம்பித் திட்டமிட வேண்டாம். மீனவர் ஒருவர் நல்லெண்ணத்தில் தம் வள்ளத்தில் ஏற்றிச் செல்ல முன்வந்தாலும் மறுத்துவிட வேண்டும். உயிர்காப்பு அங்கி இல்லாத படகில் மாணவரை ஏற்றுவதற்கு எந்தக் காரணமும் போதாது. மண்டபம் முகாமில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையத்துக்குச் செல்வதானால், தலைமையாசிரியர் கையெழுத்திட்ட கடிதத்தை முன்கூட்டியே அனுப்பி நாள் கேட்க வேண்டும். 1947-இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனத்தின் தலைமையகம் 1971-இல் கொச்சிக்கு மாறும் வரை மண்டபத்தில்தான் இருந்தது. மாணவர்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது.

பயணத்திற்கு முந்தைய நாள் ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்னும் கடல் தகவல் சேவை மையத்தின் அலை முன்னறிவிப்பைப் பார்ப்பது கட்டாயம். வானம் தெளிவாக இருக்கும்போதே தொலைதூரப் பெருங்கடலில் எழுந்த அலைகள் திடீரெனக் கரையேறும் கள்ளக்கடல் நிகழ்வுக்கும் அங்கே எச்சரிக்கை தருகிறார்கள். எச்சரிக்கை இருந்தால் பயணத்தை ஒத்திவைக்க வேண்டும். பேருந்துக்குக் கொடுத்த முன்பணம் போனால் போகட்டும்.

வகுப்பறையில் முன்தயாரிப்பு

இரண்டு பாடவேளை போதும். முதலாவதில் ஓதம், கடற்புல், கடற்பாசி, பவளம் ஆகியவற்றை அறிமுகப்படுத்தலாம். கடற்புல்லுக்கு வேரும் நரம்போடிய இலையும் பூவும் உண்டு, அது நிலத்துத் தாவரங்களின் உறவு. கடற்பாசிக்கு இவை எதுவும் இல்லை, பாறையைப் பற்றிக்கொள்ள ஒரு பிடிப்பு மட்டுமே உண்டு. இந்த ஒரு வேறுபாட்டைக் கரும்பலகையில் வரைந்து காட்டிவிட்டால், கரையில் ஒதுங்கிக் கிடக்கும் குவியலை மாணவர்களே பிரித்துவிடுவார்கள். கடற்புல்லை மேய்ந்து வாழும் ஆவுளியா என்னும் கடற்பசுவைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் கரையிலிருந்து அதைக் காண முடியாது. பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை ஆவுளியாவுக்கான பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு 2022-இல் அறிவித்தது. இந்தியாவில் இதற்கு முன் அவ்வாறு ஒன்று இல்லை.

இரண்டாவது பாடவேளை, சட்டத்துக்கும் ஒழுங்குக்கும். பவளம், கடல் அட்டை, கடல் குதிரை ஆகியவை 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. இறந்து கரையொதுங்கிய பவளத்துண்டைப் பையில் போட்டுக்கொள்வதும் குற்றமே. அக்கரையில் இலங்கையில் உரிமம் பெற்றுக் கடல் அட்டை பிடிக்கலாம், இக்கரையில் முற்றிலும் கூடாது என்பதால்தான் அதைக் கடத்திப் பிடிபடும் செய்திகள் அடிக்கடி வருகின்றன என்று விளக்கினால், வயதில் பெரிய மாணவர்களிடையே நல்லதொரு விவாதம் எழும். இராமேசுவரம் கடைத்தெருவில் சங்கு, சிப்பி பொருட்கள் கண்ணைப் பறிக்கும். வாங்கக் கூடாது என்ற விதியைப் பேருந்தில் ஏறுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். கடை வாசலில் நின்று சொன்னால் எடுபடாது.

எடுத்துச் செல்ல வேண்டியவை

மீட்டருக்கு ஒரு முடிச்சிட்ட 20 மீட்டர் கயிறு; ஒரு மீட்டர் நீள அகலத்தில் பிவிசி குழாயால் இணைத்த நான்கு சதுரச் சட்டங்கள்; வெள்ளை நிறப் பிளாஸ்டிக் தட்டுகள்; கைலென்சுகள்; ஒளி ஊடுருவும் அடிப்பாகம் கொண்ட பெரிய டப்பாக்கள். இந்த டப்பாவை முழங்கால் ஆழ நீரின் மேல் சற்றே அழுத்தி வைத்துக் குனிந்து பார்த்தால், நெளியும் மேற்பரப்பு மறைந்து அடித்தரை தெளிவாகத் தெரியும். கண்ணாடியடிப் படகு கிடைக்காத நாளில் இதுவே அந்த வேலையைச் செய்யும். குறிப்பேட்டுக்குப் பேனா வேண்டாம், பென்சில் போதும். காலுக்குப் பழைய கான்வாஸ் காலணி அல்லது பின்பட்டை உள்ள செருப்பு அவசியம். ஹவாய் செருப்பு ஈர மணலில் காலைவிட்டு நழுவும், வெறுங்காலைச் சிப்பி கிழிக்கும். தொப்பி, ஆளுக்கு இரண்டு லிட்டர் குடிநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், முதலுதவிப் பெட்டி, மாற்றுடை ஆகியவையும் வேண்டும். மாணவியர் உடை மாற்றவும் கழிப்பறைக்கும் இடம் எங்கே என்பதை ஆசிரியை ஒருவர் முன்னதாகவே நேரில் சென்று பார்த்து வைப்பது, வேறெந்த ஏற்பாட்டையும்விட முக்கியமானது.

கரையில்

பத்து மாணவர்களுக்கு ஒரு பெரியவர் என்று பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு சட்டத்தைக் கொடுங்கள். கயிற்றை உலர்ந்த மணலில் தொடங்கி நீரை நோக்கி நேராக நீட்ட வேண்டும். உலர்மணல், ஈரமணல், அலை வந்து போகும் இடம், கணுக்கால் ஆழ நீர் என நான்கு இடங்களில் சட்டத்தை வைத்து, அதற்குள் உள்ளதை மட்டும் பத்து நிமிடம் பார்த்து எழுத வேண்டும். குறிப்பேட்டில் ஐந்து கட்டங்கள் போதும்: எங்கே, எவ்வளவு ஈரம், என்ன, எத்தனை, என்ன செய்துகொண்டிருக்கிறது. இந்தக் கடைசிக் கட்டத்தை நிரப்பத்தான் மாணவர் நின்று பார்க்க வேண்டியிருக்கும். பெயர் தெரியாதவற்றுக்குப் படம் வரைந்தால் போதும். கரையில் நின்றபடி பெயரைத் தேடிக் கைப்பேசிக்குள் போய்விட்டால் வற்றம் முடிந்துவிடும்.

உலர்மணலில் முதலில் கண்ணில் படுபவை நண்டு வளைகள். வளைக்காரர் உள்ளே போயிருப்பார். நான்கடி தள்ளி அசையாமல் உட்கார்ந்தால், முதலில் காம்பின் மேல் நிற்கும் இரண்டு கண்கள் வெளியே வரும், பிறகு மணலை அள்ளிக்கொண்டு ஒரு பக்கக் கால்கள் வரும், மணலை எறிந்துவிட்டு மறுபடி உள்ளே போய்விடும். இந்த நண்டு நிலத்தில் வாழ்ந்தாலும் செவுள்களால்தான் சுவாசிக்கிறது. அதனால் அவற்றை அவ்வப்போது நனைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கடலிலிருந்து எவ்வளவு தூரத்தில் வளைகள் தொடங்குகின்றன, எங்கே நின்றுவிடுகின்றன என்று கயிற்றின் முடிச்சைக் கொண்டு அளக்கச் சொன்னால், மாணவர்களே காரணத்தை ஊகிக்கத் தொடங்குவார்கள்.

அலை வந்து போகும் பட்டையில் பொறுமை வேண்டும். நீர் வடியும் அந்த நொடியில் மட்டி தன் தசைப்பாதத்தை நீட்டி, ஓட்டைச் செங்குத்தாக நிமிர்த்தி, மணலுக்குள் இறங்கிவிடும். ஒன்றை எடுத்து ஈரமணல் மேல் வைத்து, அது மறைய எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணச் சொல்லலாம்.

காலிச் சங்குக்குள் குடியிருக்கும் துறவி நண்டுக்காக மட்டும் தனியாகக் கால்மணி நேரம் ஒதுக்குங்கள். வெள்ளைத் தட்டில் கடல்நீரை ஊற்றி, ஒரு நண்டை ஓட்டோடு மெதுவாக வைத்துவிட்டு, தட்டின்மேல் யாருடைய நிழலும் விழாமல் காத்திருக்க வேண்டும். முதலில் வெறும் சங்கு போலக் கிடக்கும். பின் வாயிலை அடைத்துக்கொண்டிருக்கும் பெரிய இடுக்கி சற்றே விலகும். உணர்கொம்புகள் வெளிவந்து நீரைத் துழாவும். பிறகு ஓட்டை இழுத்துக்கொண்டு தட்டின் ஓரத்தை நோக்கி நடக்கத் தொடங்கும். அதன் வயிற்றுப்பகுதி மென்மையானது, சுருண்டது, கவசம் இல்லாதது. காலிச் சங்கு ஒன்று கிடைக்காவிட்டால் அதற்குப் பாதுகாப்பே இல்லை. இதைக் கண்ட பிறகு, கரையில் கிடக்கும் காலிச் சங்குகளை ஏன் எடுக்கக் கூடாது என்பதற்கு ஆசிரியர் தனியாக விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது. நண்டை எடுத்த இடத்திலேயே விட வேண்டும்.

வடகடல் பக்கத்தில் கரையொதுங்கிய கடற்புல் குவியலைக் குச்சியால் கிளறிப் பார்ப்பது நல்ல பலன் தரும். வேரோடு வந்த புல், பல வகைப் பாசிகள், மீனவர் கணவாய் ஓடு என்று சொல்லும் வெண்மையான தட்டு ஆகியவை அதில் கிடைக்கும். அந்த ஓடு கணவாயின் உடலுக்குள் இருந்தது, நுண்ணறைகளில் உள்ள காற்றையும் நீரையும் கூட்டிக் குறைத்து மிதக்க உதவியது என்று சொல்லி, ஓட்டை உடைத்து அறைகளைக் கைலென்சில் காட்டலாம். ஆட்டுக்கொம்பைப் போல முறுக்கிய, வளையம் வளையமான ஒரு பொருள் கிடைத்தால் அதைக் குப்பை என்று எறிந்துவிட வேண்டாம். அது சங்கு இட்ட முட்டைக்கூடு. ஒவ்வொரு வளையமும் ஓர் அறை. குஞ்சுச் சங்குகள் வெளியேறிய துளைகள் அதில் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கல்லைப் புரட்டினால், முன்பு கிடந்தபடியே திருப்பி வைக்க வேண்டும். அடிப்புறத்தில் ஒட்டி வாழ்பவை வெயிலில் சில நிமிடங்களிலேயே காய்ந்துபோகும். உயிருள்ள எதையும் தொடுவதற்கு முன் கையைக் கடல்நீரில் நனைத்துக்கொள்ள வேண்டும். சன்ஸ்கிரீன் பூசிய கையால் தொடக் கூடாது.

பதினொன்றாம் வகுப்பு விலங்கியல் மாணவர்கள் குழுவில் இருந்தால், எதிரே தெரியும் குருசடைத் தீவைக் காட்டி, பாடத்தில் அரைநாணிகளுக்கு எடுத்துக்காட்டாக வரும் பலனோகிளாசஸ் என்னும் புழு போன்ற உயிர் வாழும் இடம் அது என்று சொல்லுங்கள். தேர்வுக்காக மனப்பாடம் செய்த பெயருக்கு ஒரு முகவரி கிடைப்பது சிறிய விஷயம் அல்ல.

மீன் இறங்குதளம்

படகுகள் வரும் நேரத்தை விசாரித்துக்கொண்டு ஒரு மணி நேரம் போனால் போதும். அது மக்களின் வேலையிடம். ஏலம் நடக்கும்போது குறுக்கே நிற்கக் கூடாது, மூக்கைப் பொத்திக்கொள்ளக் கூடாது, கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. "அண்ணே, இது என்ன மீன்?", "அக்கா, இதை எந்த வலையில பிடிச்சாங்க?" என்று மாணவர்கள் தாங்களே கேட்கட்டும். காரல், சூடை, விளமீன், சீலா, திருக்கை, ஊசிக்கணவாய், ஓட்டுக்கணவாய் என்று அங்கே வழங்கும் பெயர்களை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். அறிவியல் பெயர்களைப் பிறகு ஆராய்ச்சி மையத்திலோ வகுப்பிலோ பொருத்திக்கொள்ளலாம்.

நண்டைத் திருப்பிப் போட்டு ஆண், பெண் பார்ப்பது இங்கே சொல்லித்தர ஏற்ற பாடம். வயிற்றின் மடிப்பு ஒடுங்கிக் கூராக இருந்தால் ஆண். அகன்று வட்டமாக இருந்தால் பெண். சில பெண் நண்டுகளின் மடிப்புக்கு அடியில் மஞ்சளாகவோ கரும்பழுப்பாகவோ முட்டைக் கொத்து ஒட்டியிருக்கும். பொரிக்கும் காலம் நெருங்க நெருங்க நிறம் கருக்கும்.

பாசி எடுக்கும் பெண்களைச் சந்திக்க வாய்த்தால் அதைத் தவறவிட வேண்டாம். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று அவர்கள் வகை பிரிக்கும் விதமும், எந்த மாதத்தில் எங்கே எது கிடைக்கும் என்ற கணக்கும் எந்த நூலுக்கும் குறைந்தவை அல்ல. ஆனால் அவர்கள் உழைப்பு நேரத்தை வாங்குகிறோம் என்பதால், முன்பே பேசி, பள்ளி சார்பில் உரிய மதிப்பூதியம் கொடுப்பதுதான் முறை.

ஆபத்துகள்

அஞ்ச வேண்டியவை சில உண்டு. திருக்கை ஆழமற்ற மணலில் புதைந்து கிடக்கும். நீரில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் மணலைத் தேய்த்தபடி நடந்தால் அது விலகிப்போகும். முள் குத்திவிட்டால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைத்து, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். கூம்பு வடிவச் சங்குகள் சில நஞ்சுள்ளவை என்பதால் உயிருள்ள சங்கு எதையும் கையில் எடுக்கவே கூடாது. வலையிலிருந்து கழித்துப் போட்ட கடல் பாம்பு, அசையாமல் கிடந்தாலும் கிட்டே போகக் கூடாது. சொறி எனப்படும் ஜெல்லிமீன் பட்டுவிட்டால் கடல்நீராலேயே கழுவ வேண்டும். நல்ல நீரை ஊற்றுவதும், மணலால் தேய்ப்பதும் ஒட்டியிருக்கும் கொட்டும் செல்களைத் தூண்டிவிடும். கரையொதுங்கிய சொறியும் பல மணி நேரம் கொட்டக்கூடியது. மூச்சுத்திணறலோ கடும் வலியோ இருந்தால் 108-ஐ அழைப்பதில் தாமதம் கூடாது.

இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது நீரும் வெயிலும்தான். ஆசிரியர் ஒருவர் உயிர்களைக் காட்டும் பொறுப்பு எதுவும் இல்லாமல், நீரை ஒட்டி நின்று தலைகளை எண்ணுவதை மட்டுமே வேலையாகக் கொள்ள வேண்டும். பாம்பன் கால்வாயில் நீரோட்டம் கடுமையானது. அதன் அருகிலும் தனுஷ்கோடியிலும் மாணவர்களை நீரில் இறக்கவே கூடாது. காலை பதினொரு மணிக்கு மேல் வற்றம் வருகிற நாளாக இருந்தால் நிழலுக்குச் சாமியானா கட்ட வேண்டும், அல்லது வேறு நாளைப் பார்க்க வேண்டும்.

திரும்பிய பின்

ஒரு வாரத்துக்குள் குறிப்பேடுகளை வைத்து உட்கார்ந்துவிட வேண்டும்; தள்ளிப்போட்டால் பென்சில் படங்களுக்கு யாராலும் பொருள் சொல்ல முடியாது. நான்கு குழுக்களின் எண்ணிக்கையை ஒரே அட்டவணையில் போட்டு, உலர்மணலிலிருந்து நீருக்குப் போகப்போக வகைகள் கூடுகின்றனவா குறைகின்றனவா என்று வரைபடம் வரையலாம். வலைத்துண்டு, பிளாஸ்டிக் குப்பி, செருப்பு ஆகியவற்றுக்கும் அதே அட்டவணையில் ஒரு நெடுவரிசை கொடுங்கள். பெயர் தெரியாமல் வரைந்த படங்களை ஒரு தாளில் ஒட்டி, ஆராய்ச்சி மையத்துக்கு நன்றிக் கடிதத்தோடு அனுப்பிக் கேட்கலாம்.

கயிறு தொடங்கிய இடத்தை அருகிலுள்ள நிலையான அடையாளம் ஒன்றிலிருந்து அளந்து, தேதி, வற்ற நேரம், காற்றின் திசை ஆகியவற்றோடு பள்ளிப் பதிவேட்டில் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு வேறு வகுப்பு அதே தையில், அதே இடத்தில், அதே கயிற்றை நீட்டினால் ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு அட்டவணைகள் கிடைக்கும்.